சதுரத்துக்குள் ஏழு பேர்

மலை எரிய ஒரு மத்தியானம்தான் ஆயிற்று. எரிந்த மலை மறுபடி முளைக்கவும் அப்படியொன்றும் பெரிய காலம் ஆகவில்லை. இரண்டு நல்ல மழை போதுமாயிருந்தது. ஆனால் முளைத்துவிட்டது என்று ஒப்புக்கொள்ள ஓர் அலுவலகம் தேவைப்பட்டது பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

அலுவலகத்தின் முழுப்பெயர் மலைப்புல்வெளி மீட்சி இயக்ககம். அதை ஒரே மூச்சில் சொல்லக்கூடியவர் அதன் இயக்குநர் ஒருவர்தான். ஊரார் புல் ஆபீஸ் என்பார்கள். அடிவாரத்தில் மாடிக் கட்டடம், வாசலில் இரும்புக் கதவு, உள்ளே சுவர் முழுக்கப் பச்சை வர்ணம். தீப்பிடித்த மறுநாளே மலைப்பாதையில் குறுக்குக் கம்பி போட்டு, 'மீட்சி அறிவிக்கப்படும்வரை கால்நடை மேய்ச்சலுக்குத் தடை' என்று பலகை மாட்டிவிட்டார்கள். அந்தச் சுறுசுறுப்பைக் குறை சொல்ல முடியாது. மலை எரியும்போது இந்தச் சுறுசுறுப்பு எங்கே போயிருந்தது என்று கேட்டால், அது தீயணைப்புத் துறையின் வேலை என்பார்கள்.

கம்பிக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டவள் பால்காரம்மா. அவளிடம் மூன்று மாடுகள். ஒன்று கறவை, ஒன்று சினை, ஒன்று இன்னும் ஈனாத கிடேரி. மூன்றும் மலையில் மேய்ந்தே வளர்ந்தவை. அவள் கணவர் கடைத்தெருவில் தையல்காரர். கத்தரிக்கோலைப் பிடித்தால் கை நடுங்காது; அரசாங்க முத்திரையைப் பார்த்தால் உடம்பே நடுங்கும். வீட்டு அடுப்பு எரிந்தது பால் காசில்தான். தீக்குப் பிறகு வைக்கோலை விலைக்கு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். மாடுகள் அதை மோந்து பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்கும்.

மழை பெய்து கொஞ்ச நாளானதும் ஒரு காலையில் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாள். கரியாய்க் கிடந்த மலை பச்சென்று இருந்தது.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. மலைப்புல்லுக்கு நெருப்பு புதிதா என்ன? தீ மேலாக ஓடித் தாளைத் தின்றுவிட்டுப் போய்விடும். மண்ணுக்குள் இருக்கிற வேருக்குச் சூடு சரியாக எட்டக்கூட எட்டாது. ஈரம் பட்டதும் முதலில் கிழங்குச் செடிகள் மஞ்சளும் ஊதாவுமாகப் பூவைத் தூக்கும். அப்புறம் கருகின தூரிலிருந்தே புல் ஊசி ஊசியாய்க் கிளம்பும். யாரும் தலைமை தாங்க வேண்டாம், யாரும் ரிப்பன் வெட்ட வேண்டாம். புல் ஆபீசுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"அங்க பாருங்க, முளைச்சிடுச்சு. நாளைக்கு மாட்டை ஓட்டிட்டுப் போறேன்" என்றாள் கணவரிடம்.

"பலகை போட்டிருக்காங்கடி! முளைச்சா போதுமா? அவங்க சொல்லணுமே. ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடு" என்றார் அவர், ஊசியில் நூல் கோத்தபடியே.

புல் ஆபீசுக்கு டீக்குப் பால் ஊற்றுவதும் அவள்தான் என்பதால் உள்ளே போவதில் சிரமமில்லை. இயக்குநர் டீயைக் குடித்து முகம் சுளித்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, டீ தண்ணியா இருக்கு?"

"மாடு தின்னாத்தானே ஐயா பால்? மலையில புல்லு நல்லா வந்துடுச்சு. தடையை எடுத்துட்டீங்கன்னா..."

"வந்துடுச்சுன்னு யார் சொன்னா?"

"வாசல்ல நின்னா தெரியுதே ஐயா."

இயக்குநர் கோப்பையைக் கீழே வைத்தார். கோபமில்லை, இரக்கம்தான். "வாசல்ல நின்னு பார்க்கறதுக்குப் பேர் வேடிக்கை. நாங்க பண்றது அளவீடு. ரெண்டும் ஒண்ணாம்மா?"

பக்கத்தில் நின்ற சூப்பிரண்டு விளக்கினார். முழு மலையை யாராலும் அளக்க முடியாது. அதனால் மலைமேல் ஒரு சதுரம் போட்டிருக்கிறார்கள். சாப்பாட்டு மேசை அகலம். நாலு மூலையிலும் சிவப்பு அடித்த இரும்புக் கம்பி, சுற்றிக் கயிறு. அந்தச் சதுரத்தில் புல் மூடினால் மலை மீண்டது என்று பொருள். மூடாவிட்டால் மீளவில்லை.

"நாளைக்குக் குழு அளக்கப் போகுது. வேணும்னா கூட வந்து பாருங்க. எங்ககிட்ட ஒளிவு மறைவே கிடையாது" என்றார் இயக்குநர்.

பால்காரம்மா அன்றைக்கே மாடுகளின் காதில் நல்ல சேதி சொல்லிவிட்டாள். அவசரக்காரி.

மறுநாள் இரண்டு ஜீப்பில் ஏழு பேர் போனார்கள். சதுரம் எங்கே இருக்க வேண்டும் என்று முன்பு பெரிய ஆராய்ச்சி நடந்ததாம். ஆராய்ச்சி முடிவில் அது ஜீப் போய் நிற்கிற இடத்திலேயே அமைந்துவிட்டது. இறங்கியவர்கள் முட்டி வரை புல்லுக்குள் நடந்தார்கள். கால்சட்டையெல்லாம் ஈரம். ஒருவர் புல் தடுக்கி விழவும் பார்த்தார். அப்படியே போய் கயிற்றைத் தாண்டி ஒவ்வொருவராகச் சதுரத்துக்குள் ஏறி நின்றார்கள்.

சாப்பாட்டு மேசை அகலத்தில் ஏழு பேர்! இயக்குநர் நடுவில். அவர் தோளைச் சூப்பிரண்டு பிடித்துக்கொண்டார், சூப்பிரண்டின் இடுப்பைக் கணக்கு அலுவலர் பிடித்துக்கொண்டார். ஓரத்தில் நின்ற குண்டு உறுப்பினரை மற்ற மூன்று பேர் சட்டையைப் பற்றி உள்ளே இழுத்து வைத்திருந்தார்கள். எல்லோர் காலிலும் கனத்த பூட்ஸ்.

பால்காரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கம்பிக் காவலுக்கு இருப்பவன் அவள் நாத்தனார் புருஷன். எதற்கெடுத்தாலும் ஊதுவதால் விசில் என்று பெயர். அவனும் கூட வந்திருந்தான். அவன் காதருகே போய், "என்ன அண்ணே இது? எதுக்கு இப்படி ஏறி நிக்கறாங்க?" என்று கேட்டாள்.

"விதி தங்கச்சி. முன்னாடி ஒரு தடவை இவங்க கீழ சீட்டாடிக்கிட்டே மலையை அளந்ததா கையெழுத்துப் போட்டுட்டாங்க. தணிக்கையில மாட்டிக்கிட்டு மானம் போச்சு. அதுலேர்ந்து ஏழு பேரும் சதுரத்துக்கு உள்ளயே நின்னாத்தான் அளவு செல்லும். ஒரு கால் வெளியே இருந்தாலும் செல்லாது."

இயக்குநர் கழுத்தை வளைத்து, பூட்ஸ்களுக்கு இடையில் தெரிந்த மண்ணைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"புல்?" என்றார்.

"இல்லை" என்றார் சூப்பிரண்டு.

"மலை மீளவில்லை. எழுதிக்கோங்க."

பால்காரம்மா பொறுக்கமாட்டாமல் கயிற்றருகே ஓடினாள். "ஐயா, கொஞ்சம் இறங்கி இந்தப் பக்கம் நின்னு பாருங்களேன்! நீங்க ஏறி நிக்கற எடத்துல எப்படிய்யா முளைக்கும்? சுத்தி எம்புட்டு இருக்கு பாருங்க!"

"அம்மா, வெளியே இருக்கறது புல்லுன்னே வெச்சுக்குவோம். ஆனா அது அளக்காத புல். அளக்காததை நம்பி ஒரு இயக்ககம் நடத்த முடியுமா? இன்னிக்கு நீங்க புல்லுன்னு சொல்வீங்க, நாளைக்கு இன்னொருத்தர் வந்து மரம்னு சொல்வார்."

மற்ற ஆறு பேரும் ஆமோதித்துத் தலையாட்டினார்கள். பலமாக ஆட்டவில்லை, ஆட்டினால் குண்டு உறுப்பினர் வெளியே போய்விடுவார், அளவு செல்லாமல் போய்விடும்.

இப்படியே அளவு நடந்தது. ஒவ்வொரு தடவையும் இல்லை என்றே வந்தது. மீளாத மலை என்று பேர் பரவியதும் பெரிய பெரிய ஆட்கள் பார்க்க வந்தார்கள். வந்தவர்களைச் சதுரத்துக்குள் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். பின்னணியில் மலை முழுக்கப் பச்சை. முன்னால் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு ஒரு பெரிய மனிதர். நர்சரியிலிருந்து சுருட்டிய புல்தரையைக்கூட ஒருமுறை வாங்கிவந்து சதுரத்தில் விரித்துப் பார்த்தார்கள். சரியாக விரித்திருக்கிறதா என்று ஏழு பேரும் ஏறி நின்று பார்த்தார்கள். அதுவும் போயிற்று.

சதுரம் ஏன் மீளவில்லை என்று ஆராய வெளியிலிருந்து நிபுணர் ஒருவர் வந்தார். மெத்தப் படித்தவர். சதுரத்தில் மண் கல்லாய் இறுகியிருப்பதைக் கண்டுபிடித்தார். கனமான ஏதோ விலங்கு அடிக்கடி வந்து மிதிக்கிறது என்றார். அதன் கால்தடத்தைச் சுண்ணாம்புச் சாந்தில் அச்செடுத்தும் கொண்டுவந்தார். தடத்தின் அடியில் வரி வரியாகக் கோடு ஓடியது. குதிகால் பக்கம் ஒரு வட்டம், வட்டத்துக்குள் நட்சத்திரம்.

"சரிவுல வழுக்காம இருக்கறதுக்காகக் குளம்புல வரி விழுந்திருக்கு. மாடாத்தான் இருக்கணும்" என்றார் நிபுணர்.

மறுநாள் பால்காரம்மாவுக்கு ஆள் வந்தது. மூன்று மாடுகளையும் புல் ஆபீஸ் முற்றத்துக்கு ஓட்டிவரச் சொன்னார்கள். கணவர் கடையை அடைத்துவிட்டுக் கூடவே வந்தார். வந்தவர் கதவுக்கு வெளியே நின்றுகொண்டார். சூப்பிரண்டு கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு ஒவ்வொரு மாட்டின் காலாகத் தூக்கி அச்சோடு ஒட்டிப் பார்த்தார். கறவைமாடு அவர் தோளில் சாணி போட்டது. எதுவும் பொருந்தவில்லை.

"பொருந்தலைங்க" என்றார் சூப்பிரண்டு.

"பொருந்தாம எப்படிப் போகும்? அதுதான் சந்தேகத்துக்கே இடம்" என்றார் இயக்குநர்.

முந்தின நாள் மழையில் முற்றம் சேறாயிருந்தது. பால்காரம்மா தலைகுனிந்து நின்றவள், சூப்பிரண்டு நடந்துபோன வழியைப் பார்த்தாள். வரி வரியாகத் தடம். குதிகாலில் வட்டம், வட்டத்துக்குள் நட்சத்திரம்.

"ஐயா, இங்க பாருங்க! இவரு பூட்ஸுல அதே நட்சத்திரம் இருக்கே!"

நிபுணர் குனிந்து சேற்றைப் பார்த்தார், சூப்பிரண்டைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார். கடைசியில் இயக்குநர்தான் பேசினார்.

"அம்மா, நாங்க விசாரிக்கற இடத்துல இருக்கோம். விசாரிக்கப்படற இடத்துல இல்ல. முதல்ல அதைத் தெரிஞ்சுக்கோங்க."

மாடு மலைக்குள் போகாமலேயே மலையை மிதித்ததாக முடிவாயிற்று. தடையை இன்னும் இறுக்கினார்கள். பால்காரம்மாவால் வைக்கோலுக்கு ஈடு கொடுக்க முடியவில்லை. கறவையின் பால் ஒரு செம்புக்கும் குறைந்தது. சினைமாட்டுக்கு விலா எலும்பு தெரிந்தது. பசும்புல் இல்லாவிட்டால் தாயும் தங்காது கன்றும் தங்காது என்பது அவளுக்குத் தெரியும். வேறு வழியில்லாமல் கிடேரியை விற்றாள். பிறந்த அன்றைக்கு அவள் முந்தானையால் துடைத்துவிட்ட கிடேரி. வியாபாரி கயிற்றை மாற்றிக் கட்டி இழுத்துக்கொண்டு போகும்போது அது தெருமுனை வரை திரும்பித் திரும்பிப் பார்த்தது. பால்காரம்மா மலையைப் பார்த்து, மலைக்குக் கீழே இருந்த மாடிக் கட்டடத்தைப் பார்த்து, "நல்லா இருப்பாங்களா இவனுங்க! புல்லு கண்ணுக்கு முன்னால ஆடுது, என் மாடு பட்டினி கிடக்குது" என்று வாய்விட்டு அழுதாள். தெருவே கேட்டது. கணவர் தையல் இயந்திரத்தை வேகமாக மிதித்தார், ஆபீசுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று.

அடுத்தது சினைமாட்டையும் விற்க வேண்டிவரும். அதை நினைத்ததும் அவளுக்குப் பயம் விட்டுப்போயிற்று. அரிவாளை எடுத்துக்கொண்டு பட்டப்பகலில் கம்பிக்கு அடியில் நுழைந்து ஒரு கட்டுப் புல் அறுத்துத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினாள். விசில் ஊதினான்.

"தங்கச்சி, நீயா? ஐயோ, ஊதிட்டேனே! சொந்தம்னு தெரிஞ்சிருந்தா ஊதியிருக்க மாட்டேனே!"

ஊதியது ஊதியதுதான். சூப்பிரண்டு ஓடிவந்தார். புல்லும் கட்டுமாக அவளை இயக்குநர் அறையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். புல்லிலிருந்து தண்ணீர் சொட்டிக் கம்பளம் நனைந்தது.

"மலைப்புல் திருட்டு ஐயா. கையும் களவுமா பிடிச்சிருக்கோம். அபராதம் போட்டு மாடுகளையும் பறிமுதல் பண்ணிடலாம்" என்றார் சூப்பிரண்டு. தோளில் விழுந்த சாணியை அவர் இன்னும் மறக்கவில்லை.

இயக்குநர் புல்கட்டைப் பார்த்தார். முகம் வெளுத்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"மலையிலேர்ந்துதான் ஐயா."

"மலையில புல் இருக்கா?"

சூப்பிரண்டு நனைந்த கம்பளத்தைப் பார்த்தபடி சொன்னார். "இல்லைங்க ஐயா."

"இல்லாததை எப்படித் திருடுவாங்க? அறிவிருக்கா உனக்கு? நாளைக்கு நான் தலைநகரத்துல போய் மலையில ஒரு முளைகூட இல்லைன்னு பேசப்போறேன். திட்டத்தை நீட்டிக்கறதா வேணாமான்னு நாளைக்குத்தான் முடிவு. இன்னிக்கு நீ புல்லு திருட்டுன்னு வழக்குப் போட்டா, அங்க என்ன கேப்பாங்க? புல்லு இருக்கான்னு கேப்பாங்க. மலை மீளாத வரைக்கும்தான்யா மீட்சி இயக்ககம். மீண்டுபோச்சுன்னா எனக்கு என்ன வேலை, உனக்கு என்ன வேலை, அந்த ரெண்டு ஜீப்புக்கு என்ன வேலை?"

சூப்பிரண்டு ஜீப்பை நினைத்துக் கலங்கிப்போனார்.

இயக்குநர் பால்காரம்மா பக்கம் திரும்பினார். குரல் கனிந்தது. "அம்மா, இது புல் இல்லை. பச்சையா இருக்கற ஏதோ நார்ப்பொருள். எங்க அதிகாரத்துல வராது. எடுத்துட்டுப் போங்க. பின்வாசல் வழியா போங்க."

பால்காரம்மா பின்வாசல் வழியாகவே போனாள். கட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து சினைமாட்டின் முன்னால் போட்டாள். மாட்டுக்கு இயக்குநரின் தீர்ப்பு தெரியாது. புல் என்று நினைத்துக்கொண்டு ஒரு தாள் விடாமல் தின்றது. அது தின்பதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குச் சிரிப்பு வந்தது. தீ பிடித்த நாளிலிருந்து அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தார் கணவர். பயந்துபோய் என்ன என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லைங்க. நாளைக்கு மாட்டை மலைக்கு ஓட்டப் போறேன்."

"பைத்தியமா உனக்கு? ஜெயில்ல போட்டுடுவாங்க!"

"போடட்டும் பார்க்கலாம்."

மறுநாள் காலை இரண்டு மாடுகளையும் ஓட்டிக்கொண்டு குறுக்குக் கம்பி அருகே போய் நின்றாள். விசில் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதலாமா வேண்டாமா என்று தவித்தான்.

"மேய்ச்சலுக்குத் தடை தங்கச்சி. பலகையில இருக்கே."

"யாரு அண்ணே மேய்க்கப் போறா? இங்க புல்லே இல்லைன்னு உங்க ஐயா என் மூஞ்சிக்கு நேரா சொன்னாரு. புல் இல்லாத எடத்துல மாடு எப்படி மேயும்? சும்மா காத்து வாங்கிட்டு வரட்டும்."

விசில் யோசித்துப் பார்த்தான். எந்தப் பக்கம் யோசித்தாலும் முட்டியது. போனை எடுத்து இயக்குநரை அழைத்தான். அவர் தலைநகரத்தில் கூட்டத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தார், சுற்றிலும் மேலதிகாரிகள்.

"ஐயா, மாடு மலையில மேயலாமான்னு..."

"மலையில புல்லே இல்லை! எதைய்யா மேயும்?" என்று பத்துப் பேர் காதில் விழும்படி அதட்டிவிட்டு இயக்குநர் போனை வைத்தார்.

விசில் கம்பியைத் தூக்கினான். மாடுகள் உள்ளே போயின. கறவைமாடு முதல் வாய் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டது.

திட்டம் நீட்டிக்கப்பட்டது. மாடுகள் தினமும் காற்று வாங்கின. பால் பழையபடி நுரைத்தது. புல் ஆபீஸ் டீ கெட்டியாயிற்று, அதை இயக்குநர் தன் நிர்வாகத் திறமை என்று எடுத்துக்கொண்டார். சினைமாடு நல்லபடியாக ஈன்றது. கன்றுக்குட்டி புல்லுக்குள் ஓடினால் காது மட்டும்தான் தெரியும். கிடேரி மட்டும் இல்லை. கன்று துள்ளும்போதெல்லாம் பால்காரம்மாவுக்கு அதன் நினைப்பு வரும்.

ஒருநாள் பால் ஊற்றப் போனபோது சூப்பிரண்டு குசுகுசுவென்று சொன்னார். "புதுசா ஒரு விதி வந்திருக்கு. பொதுமக்கள்ல ஒருத்தரோட கருத்தையும் கேக்கணுமாம். அவங்க புல் முளைச்சிருக்குன்னு சொல்லிட்டா மீட்சியை அறிவிச்சே ஆகணும்."

பால்காரம்மாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இனிமேல் காற்று வாங்குகிறது என்று கதை அளக்க வேண்டியதில்லை. "அறிவிச்சிட்டா மாட்டை நேராவே மேய்க்கலாமா சார்?"

"அதெப்படி? மீட்சி இயக்ககத்தைக் கலைச்சிட்டு மலையைப் பாதுகாப்பு இயக்ககத்துக்கிட்ட குடுத்துடுவாங்க. மீண்ட புல்லை மாடு தின்னுடக் கூடாது பாருங்க. சுத்தி வேலி போட்டு நிரந்தரமா தடை."

அவள் பாத்திரத்தை மூட மறந்து, திறந்தபடியே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

கருத்துக் கேட்கும் நாள் வந்தது. பொதுமக்கள் என்று வேறு யாரையும் மலை வரை அழைத்துவர முடியாததால், ஏற்கெனவே மலையில் இருந்த பால்காரம்மாவையே கேட்பதாக ஏற்பாடு. ஏழு பேரும் இடுப்பளவு புல்லைக் கையால் விலக்கிக்கொண்டு வந்து, சதுரத்துக்குள் ஏறி, ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கறவைமாடு கயிற்றோரம் தின்றுகொண்டிருந்தது. அது வாலை வீசியதில் இயக்குநரின் கண்ணாடி ஒருபக்கம் சாய்ந்தது. இரண்டு கையும் மற்றவர்களிடம் மாட்டிக்கொண்டிருந்ததால் அவரால் அதைச் சரிசெய்ய முடியவில்லை.

"பயப்படாம மனசுல பட்டதைச் சொல்லுங்கம்மா. இந்த மலையில புல் முளைச்சிருக்கா?"

காற்றடித்துப் புல் மலை நெடுகச் சாய்ந்து நிமிர்ந்தது. எங்கோ உள்ளேயிருந்து கன்றுக்குட்டி அம்மா என்றது. பால்காரம்மா அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. விற்றுவிட்ட கிடேரியை நினைத்துக்கொண்டாள். முந்தானை தானாகவே கண்ணுக்குப் போயிற்று.

"எங்கய்யா முளைச்சுது? ஒரு தாள்கூட இல்லையே. பார்க்கப் பார்க்க வயிறு எரியுது."

சூப்பிரண்டு நிம்மதியாக மூச்சு விட்டார். இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. கோணல் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்து, பூட்ஸ் காலை இன்னும் நன்றாக ஊன்றிக்கொண்டு ஆறுதல் சொன்னார்.

"கவலைப்படாதீங்கம்மா. இங்க புல் முளைக்கற வரைக்கும் நாங்க இந்த இடத்தை விட்டு நகரவே மாட்டோம்."